பாப்பா, பாப்பு, பாப்பரசர்

நம் ஆலய விழாவுக்கு ஏற்பாடுகள் தொடங்கிய நாள்களில் ஒரு ஞாயிறன்று மறைக்கல்வி வகுப்பில் நடந்தது இது. வயதில் மூத்த உபதேசியார் சிறு பிள்ளைகளைப் பார்த்து, "பாப்பரசர் படம் நம் கோவிலில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் பார்ப்போம்" என்றார். முன்வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் சற்றும் தயங்காமல் எழுந்து போய், பக்கப் பீடத்தில் முடியும் பட்டு அங்கியும் அணிந்து நிற்கும் குழந்தை இயேசுவின் சுரூபத்தைக் காட்டினான். பாப்பாவாக இருக்கிறார், தலையில் முடியும் இருக்கிறது. ஆகவே பாப்பா அரசர்! வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்குமுன் வேறொரு வழக்கு நம்மிடம் வந்து சேர்ந்தது. ஜூபிலிக்காகக் கோவிலுக்கு வெள்ளையடிக்கையில் சக்கிறீஸ்துச் சுவரிலிருந்து பழைய படம் ஒன்றை இறக்கினார்கள். 1964 டிசம்பரில் பம்பாயில் நடந்த நற்கருணை மாநாட்டுக்கு ரயிலேறிப் போய்வந்த நம் பங்கு மக்கள் வாங்கி வந்த படம் அது. சட்டத்தின் அடியில், "ஆறாம் சின்னப்பர் பாப்பானவர்" என்று யாரோ அழகாக எழுதியிருந்தார்கள். எழுத்து மங்கிவிட்டது. இளைஞர் மன்றத்தினர் அதைத் துடைத்துவிட்டு, "திருத்தந்தை ஆறாம் பவுல்" என்று எழுதலாம் என்றனர். மூத்தவர்கள் ஒப்பவில்லை. "எங்களைப் பெற்றவர்கள் சொல்லிக்கொடுத்த பேரை அழிக்கத்தான் ஜூபிலியா?" என்று ஒரு பாட்டி கேட்டார். இளைஞர்களோ, "அந்தப் பேருக்குப் பொருள் என்னவென்று சொல்லுங்கள், விட்டுவிடுகிறோம்" என்றார்கள். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மலர்க் குழுவினர் தேடிப் பார்த்து எழுதட்டும் என்று முடிவாயிற்று. இக்கட்டுரை அப்படிப் பிறந்ததுதான்.

பாப்பு என்னும் இச்சொல்லின் வேரைத் தேடிப் போனால், அரண்மனையிலோ ஆலயத்திலோ அல்ல, தொட்டிலில் போய் நிற்கிறோம். பல் முளைக்காத குழந்தைக்கு எளிதில் வருவது உதடு இரண்டையும் சேர்த்துத் திறக்கும் ஒலிகளே. மகரமும் பகரமும் அவ்வகையின. வாயைத் திறந்தால் அகரம். ஆகவே மா, பா என்று உளறாத குழந்தை எந்த நாட்டிலும் இல்லை. அந்த உளறலைக் கேட்டு, "என்னைத்தான் கூப்பிடுகிறது" என்று அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொன்றாய் எடுத்துக்கொள்கிறார்கள். ரோமன் யாக்கோப்சன் என்னும் மொழியறிஞர் 1960-ஆம் ஆண்டளவில் இதைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரையே எழுதினார். உலக மொழிகளிலிருந்து தாய் தந்தையரைக் குறிக்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சொற்களை மர்டாக் என்பவர் திரட்டியிருந்தார். அவற்றை வைத்து அவர் செய்த ஆராய்ச்சி அது. அப்பா, அபா, பாபா, பாப்பா ஆகிய சொற்கள் ஒன்றுக்கொன்று உறவில்லாத மொழிகளிலும் ஒத்திருப்பதன் இரகசியம் இந்த உதடுகளில்தான் இருக்கிறது.

ஆனால் குழந்தையின் உளறலுக்குப் பொருள் கொடுப்பவர்கள் பெரியவர்கள் அல்லவா? ஊருக்கு ஊர் அதை வேறு வேறாகக் கொடுத்துவிட்டார்கள். ஜார்ஜியா நாட்டில் 'மாமா' என்றால் தகப்பன். 'தேதா' என்றால் தாய். 'பாப்பா' என்றால் தாத்தா. அந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் கர்த்தர் கற்பித்த செபத்தை 'மாமாவே' என்றுதான் தொடங்குகிறார்கள். நம்மூரில் அப்படித் தொடங்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்! தமிழிலோ இன்னும் விந்தை. கூப்பிடும் குழந்தையின் ஒலியைக் குழந்தைக்கே பேராகச் சூட்டிவிட்டோம். மற்றவர்களுக்குத் தகப்பனாகிய சொல் நமக்குப் பிள்ளையாயிற்று.

தகப்பன் என்னும் பொருளில் இச்சொல்லைக் காட்டும் மிகப் பழைய ஏடுகளில் ஒன்று, கிரேக்கரின் ஒடிசி காவியம். ஓமர் பாடியதாகச் சொல்லப்படும் அது கிறிஸ்து பிறப்பதற்கு ஏழெட்டு நூற்றாண்டுகளுக்கு முந்தியது. அதன் ஆறாம் காண்டத்தில் நவ்சிக்கா என்ற இளவரசி ஆற்றில் துணி வெளுக்கப் போக வண்டி கேட்டுத் தன் தந்தையிடம் வருகிறாள். அவள் மனத்தில் இருப்பது திருமண எண்ணம். வாயில் வருவது அழுக்குத் துணிப் பேச்சு. தந்தை மன்னர் என்றாலும், அவள் கூப்பிடுவது 'பாப்பா' என்றுதான். அவரும் உள்ளதைப் புரிந்துகொண்டு வண்டியைக் கொடுக்கிறார். மன்னனைப் பார்த்து மகள் சொன்ன சொல் என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்வோம். அரசரும் பாப்பாவும் மறுபடி ஒருமுறை சேரப் போகிறார்கள்.

கிரேக்கத்திலிருந்து இலத்தீனுக்கு வந்தால், அங்கே ரோமைக் குழந்தைகள் சோற்றுக்கும் அதே சொல்லைத்தான் வைத்திருந்தன. நம் பிள்ளைகள் 'மம்மு' கேட்பதுபோல அவை 'பாப்பா' கேட்டன. இன்றைக்கும் இத்தாலி நாட்டில் குழந்தைக்கு ஊட்டும் குழைந்த உணவு, பெற்ற தகப்பன், திருச்சபையின் தலைவர் ஆகிய மூவகைக்கும் மூன்று சொற்கள் உண்டு. பகரத்தை அழுத்துவதிலும் கடைசி ஒலியைத் தூக்குவதிலும்தான் வேறுபாடு. தமிழில் எழுதினால் மூன்றும் பாப்பாதான்.

இனித் திருச்சபைக்குள் வருவோம். தொடக்கத்தில் இது உரோமை ஆயருக்கு மட்டும் உரிய பெயராக இருக்கவில்லை. மக்கள் தங்கள் ஆயரை அன்போடு அழைத்த பெயர் அது. கி.பி. 248 வரை எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஆயராயிருந்த ஏரக்கிளாஸ் என்பவரை, அவருக்குப் பின் வந்த தியோனீசியு தம் கடிதமொன்றில் "நம் பாப்பா" என்ற பொருளில் குறிப்பிடுகிறார். அக்கடிதத்தை எவுசேபியு தம் திருச்சபை வரலாற்றில் காத்து வைத்திருக்கிறார். இப்பெயரை ஓர் ஆயருக்கு வழங்கிய மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று. 258-இல் வேதசாட்சியாக இறந்த கார்த்தேஜ் ஆயர் புனித சிப்பிரியானுக்கு உரோமைக் குருக்கள் எழுதிய கடிதங்களிலும் அவர் பாப்பாதான். புனித எரோனிமு புனித அகுஸ்தீனுக்கு எழுதுகையிலும் அப்படியே அழைக்கிறார். எகிப்தின் கோப்து திருச்சபைத் தலைவர் இன்றும் பாப்பா என்றே அழைக்கப்படுகிறார் என்பதை நம்மில் பலர் அறியோம்.

உரோமை ஆயருக்கு இப்பெயர் வழங்கியதற்கான பழைய சாட்சி ஒரு கல்லறையில் இருக்கிறது. புனித கலிஸ்து பெயரால் வழங்கும் நிலத்தடிக் கல்லறைகளில் செவேரு என்ற தியாக்கோன், தம் குடும்பத்துக்கென ஓர் அறை வெட்டினார். "என் பாப்பா மர்செல்லீனுவின் ஆணைப்படி" அதைச் செய்ததாகக் கல்லில் பொறித்தார். மர்செல்லீனு 296 முதல் 304 வரை உரோமையின் ஆயராக இருந்தவர். அந்த அறையில் அடக்கம் செய்யப்பட்டவள் செவேருவின் மகள் செவேரா. ஒன்பது ஆண்டு, பதினொரு மாதம், பதினைந்து நாள் வாழ்ந்தாள் என்று தகப்பன் எண்ணி எழுதியிருக்கிறார். தன்னை அப்பா என்றழைத்த வாய் அடங்கிய வீட்டில் இருந்துகொண்டு, தன் ஆயரைத் தான் அப்பா என்றழைத்து அவர் எழுதிய கல் அது. இதைப் படித்தபோது மலர்க் குழுவில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

அந்தக் கல்லில் செவேரு சொல்லை முழுதும் எழுதவில்லை. இரண்டு 'பி' எழுத்துகளாகச் சுருக்கினார். அதே இரண்டு எழுத்துகளை நம் பழைய படத்தின் கையொப்பத்திலும் காணலாம். பவுலுஸ் என்ற பெயருக்கும் ஆறு என்ற இலக்கத்துக்கும் நடுவே அவை நிற்கின்றன. படத்தை உற்றுப் பார்த்த நம் பெரியவர் ஒருவர், "இவரும் எங்கோ பங்குக் குருவாக இருந்திருக்கிறார்போல" என்று இத்தனை காலமாக நினைத்திருந்தாராம். ஆங்கிலத்தில் 'பி.பி.' என்றால் பங்குக் குரு என்று பழகிய கண் அவருடையது. அவர் எண்ணியதிலும் தவறில்லை என்பதைக் கீழே பார்ப்போம்.

காலப்போக்கில் மேற்கே ஒருவருக்கும் கிழக்கே பலருக்கும் என்று இச்சொல் பிரிந்தது. 1075-இல் ஏழாம் கிரகோரியார் காலத்தில் எழுதப்பட்ட இருபத்தேழு விதிகளுள் ஒன்று, இப்பெயர் உலகில் ஒருவருக்கே உரியது என்கிறது. ஆயின் கிரேக்க நாட்டுச் சிற்றூர்களில் குடும்பத்தோடு வாழும் சாதாரணக் குருவானவர் இன்றும் 'பாப்பாஸ்' தான். அங்கே 'பாப்பதோப்புலோஸ்' என்று ஒரு குடும்பப் பெயர் வெகு சாதாரணம். குருவின் மகன் என்பது பொருள். ரஷ்யாவில் 'போப்' என்றால் ஊர்க் குரு. நாளடைவில் அது ஏளனச் சொல்லாகிவிட்டது. வடக்கே ஐஸ்லாந்துத் தீவில் வைக்கிங்குகள் குடியேறிய காலத்தில் அங்கே தனித்து வாழ்ந்திருந்த அயர்லாந்துத் துறவியரை அவர்கள் 'பாப்பார்' என்றார்கள். புறச்சமயத்தாரோடு வாழ விரும்பாத அத்துறவியர் நூல்களையும் மணிகளையும் விட்டுவிட்டுப் போய்விட்டனர் என்று பன்னிரண்டாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் அரி எழுதுகிறார். துருக்கியில் கிறிஸ்தவக் குரு 'பாப்பாஸ்'. சீட்டுக்கட்டில் இருக்கும் இராசாவுக்கும் அங்கே அதுதான் பெயர். ஆக, பாப்பாவை அரசராக்கியது நாம் மட்டும் அல்ல!

இவையெல்லாம் ஒரே வேரின் கிளைகள். வேர் வேறாக இருந்தும் ஓசை ஒன்றாய்ப் போன கதைகளும் உண்டு. ஸ்பானியர் தென் அமெரிக்காவுக்குப் போனபோது, ஆண்டிசு மலைவாழ் மக்கள் மண்ணுக்கடியில் விளைந்த ஒரு கிழங்கைக் கொடுத்தார்கள். அவர்களுடைய கெச்சுவா மொழியில் அதன் பெயர் 'பாப்பா'. நாம் உருளைக்கிழங்கு என்பது அதைத்தான். ஸ்பானிய மொழியில் இப்போது ஆண்பால் அடைகொடுத்தால் திருத்தந்தை, பெண்பால் அடைகொடுத்தால் உருளைக்கிழங்கு. பெரு நாட்டுச் சந்தையில் இரண்டும் ஒரே வாயில் வரும். அதனால் யாருக்கும் பக்தி குறைந்ததாகத் தெரியவில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழியில் சுறா மீனுக்கும் 'பாப்பா' என்றே பெயர். அங்குள்ள கத்தோலிக்கர் அதே சொல்லால் திருத்தந்தையையும் குறிக்கிறார்கள். இந்தோனேசியர் டச்சுக்காரரிடமிருந்து 'பௌஸ்' என்று கற்றுக்கொண்டு இதிலிருந்து தப்பினார்கள் என்று பார்த்தால், அவர்கள் மொழியில் 'பௌஸ்' என்பது திமிங்கிலம். கடல் அவர்களை விடவில்லை! பசிபிக் தீவுகளில் மாவோரி மக்களுக்குப் 'பாப்பா' என்றால் நிலம், பூமி. அவர்களுடைய நிலமகளின் பெயரும் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்த ஓசை ஒற்றுமை இந்தியாவில் வந்துதான் உண்மையான சங்கடமாயிற்று. வடமொழியில் பாபம் என்றால் என்னவென்று எல்லாருக்கும் தெரியும். வடவர் வாயில் அதன் இரண்டு பகரமும் வல்லோசையாகவே ஒலிக்கும். திருச்சபையின் தலைவரை இலத்தீனில் வழங்குவதுபோல அப்படியே சொன்னால், கேட்பவர் காதில் விழுவது பாவம் என்ற சொல். இந்தியில் 'பாப்' என்றால் பாவம்; கடைசியில் ஒரு நெடில் சேர்ந்தால் அப்பா. அவ்வளவுதான் இடைவெளி. இந்தி பேசும் கத்தோலிக்கர் முன்னால் ஓர் அடைமொழி சேர்த்து 'சந்த் பாப்பா' என்கிறார்கள். மலையாளத்தார் தங்கள் சுரியானி மரபிலிருந்து ஆண்டவர் என்று பொருள்படும் 'மார்' என்பதை எடுத்து 'மார்பாப்பா' என்று வைத்துக்கொண்டார்கள். சிங்களத்தில் 'பாப் வஹன்சே'. ஒவ்வொருவரும் சொல்லை வெறுமனே விடாமல் ஒரு துணியைப் போர்த்தியே வெளியே அனுப்பியிருக்கிறார்கள்.

நமக்கோ வடமொழிப் பகரம் வகரமாய் மெலிந்து 'பாவம்' ஆகிவிட்டபடியால் அந்த இடர் இல்லை. அந்தப் பாவத்துக்கும் நாம் புதுப் பொருள் ஒன்று கொடுத்திருக்கிறோம். பசித்தவனைக் கண்டால் 'ஐயோ பாவம்' என்கிறோம். அவன் குற்றவாளி என்று யாரும் அதற்குப் பொருள் கொள்வதில்லை. மலாய் மொழியிலும் இதே நிகழ்ந்தது. வடமொழியிலிருந்து போன 'பாப்ப' அங்கே கதியற்ற ஏழையைக் குறிக்கிறது. குற்றத்தைக் குறித்த சொல் இரக்கத்தின் பக்கம் சாய்ந்தது இரு மொழியிலும் நடந்திருக்கிறது. இது கட்டுரைக்குச் சற்று வெளியேதான். ஆயினும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

தமிழுக்கு இருந்த இடர் வேறு. வெறும் 'பாப்பா' என்றால் தொட்டிலில் கிடப்பது. 1578-இல் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்ட அண்டிரிக் அடிகளார் காலத்தில் போர்த்துக்கீசியச் சொற்கள் பல அப்படியே தமிழ்ச் சபைக்குள் வந்தன. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் அவற்றுக்கு மாற்றாகக் கோவில், குரு, பூசை போன்ற நாட்டுச் சொற்களை வழங்கினார். பாப்பா என்ற சொல்லை மட்டும் முற்றிலும் விடவும் முடியவில்லை. அப்படியே வைக்கவும் முடியவில்லை. கடைசி எழுத்தை உகரமாக்கிப் 'பாப்பு' என்றார்கள். மரியாதைக்கு 'ஆனவர்' சேர்த்துக் குருவானவர் என்பதுபோலப் 'பாப்பானவர்' என்றார்கள். பாட்டிமார் செபமாலை முடிவில் "பாப்பானவருடைய கருத்துக்களுக்காக" என்று சொல்லி வேண்டுவது இந்தப் பெயர்தான். 'ஆண்டவர்' சேர்த்தபோது 'பாப்பாண்டவர்'. ஈழத்துத் தமிழர் இதை மிகுதியும் வழங்கினர். 'இறை' சேர்த்துப் 'பாப்பிறை'. ஆங்கிலம் வழியே செய்தித்தாள்களில் நுழைந்தது 'போப்பாண்டவர்'. எல்லாவற்றிலும் அதிகமாய் நிலைத்தது 'பாப்பரசர்'.

அரசர் என்று சொன்னதில் பிழை என்ன என்று கேட்கலாம். 1870 செப்டம்பர் 20 வரை அவர் இத்தாலியின் நடுப்பகுதியை ஆண்ட மன்னராகவும் இருந்தவர்தான். 1929 முதல் வத்திக்கான் நகருக்கு இறைமையுள்ள தலைவர். மூன்றடுக்கு முடியும் அவருக்கு இருந்தது. நவ்சிக்கா தன் மன்னனாகிய தகப்பனை அழைத்த சொல்லும் அரசரும் மீண்டும் சேர்ந்து நின்றது தமிழில்தான் என்று சொன்னாலும் தகும். ஆயினும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 'பாப்பு' என்பதற்குப் பொருள் தெரியாதவர் காதில் அரசர் மட்டுமே விழுந்தார், அப்பா விழவில்லை.

இதில் நமக்கு வியப்பாகத் தோன்றியது, தமிழ்ச் சபை அந்த அப்பாவை வேறோரிடத்தில் பத்திரமாக வைத்திருந்தது என்பதுதான். பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்றார்கள். யோவான் அருளப்பர். பவுல் என்ற இலத்தீன் பெயருக்குச் சிறியவர் என்று பொருள், ஆகவே சின்னப்பர். மூவருக்கும் பின்னே அப்பர் நிற்கிறார். 'அப்பர்' என்ற சொல் தமிழ்நாட்டுக்குப் புதிதும் அன்று. குழந்தையாயிருந்த சம்பந்தர் மூத்தவரான திருநாவுக்கரசரை 'அப்பர்' என்றழைக்க, அதுவே அவருக்குப் பெயராய் நிலைத்தது என்று சைவர்கள் சொல்லுவார்கள். ஒருவருக்கே அப்பர் என்றும் அரசர் என்றும் இரு பெயர்! அந்த மரபறிந்த மண்ணில், முதல் பாப்புவாகிய பேதுரு அப்பர் ஆனார். அவருடைய இருக்கையில் பின்வந்தவர்களோ அரசர் ஆனார்கள். நம் பழைய படத்தில் எழுதியிருந்ததைத் திரும்பப் பாருங்கள்: "ஆறாம் சின்னப்பர் பாப்பானவர்". அதில் அரசர் இல்லை. தமிழில் ஓர் அப்பாவும் கிரேக்கத்தில் ஓர் அப்பாவும் இருக்கிறார்கள்.

அப்படத்தில் இருப்பவரைப் பற்றி இன்னொன்று. முடிசூட்டப்பட்ட பாப்புமாரில் இவரே கடைசியானவர். 1963-இல் சூடிய அந்த முடியை 1964 நவம்பர் 13 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் நடந்துகொண்டிருந்த காலத்தில், புனித பேதுரு ஆலயப் பீடத்தின்மேல் ஏழைகளுக்கென்று வைத்துவிட்டார். மூன்று வாரம் கழியுமுன் பம்பாய் வந்தார். நம்மவர் அங்கே கண்டது முடியில்லாத பாப்புவை. அவருக்குப்பின் வந்தவர் எவரும் முடி சூட்டிக்கொள்ளவில்லை. சங்கத்திற்குப் பின் வழிபாடு தமிழில் வந்து, தமிழும் தூய்மைப்பட்ட காலத்தில் 'திருத்தந்தை' என்ற பெயர் பரவியது. பாப்பா என்ற கிரேக்கச் சொல்லின் பொருளை அப்படியே தமிழாக்கினால் வருவது தந்தைதானே! இளைஞர்கள் எழுத விரும்பியதும் மூத்தவர்கள் அழிக்க மறுத்ததும் ஒரே சொல்லே. ஒருவர் பொருளைக் காக்கிறார். ஒருவர் ஓசையைக் காக்கிறார். திருத்தந்தையில் தொட்டில் ஓசை போய்விட்டது என்ற குறை மட்டும் நமக்கு உண்டு. தந்தை என்று எந்தக் குழந்தையும் கூப்பிடுவதில்லை.

2025 மே 8 அன்று இரவு பத்தரை மணிக்குமேல் நம்மில் பலர் தூங்காமல் தொலைக்காட்சி முன் இருந்தோம். பேதுரு ஆலய மாடத்தில் கர்தினால் வந்து நின்று, "நமக்குப் பாப்பா இருக்கிறார்" என்று இலத்தீனில் அறிவித்தார். பதினான்காம் லெயோ என்ற பெயரைக் கேட்குமுன்பே சதுக்கம் ஆர்ப்பரித்தது. பெயர் தெரியாத நிலையிலும் அவர்கள் ஆர்ப்பரித்தது அந்த ஒரு சொல்லுக்காகத்தான். இதைச் சொன்னபோது, தொடக்கத்தில் வழக்குரைத்த பாட்டி, "அன்றைக்கு அது என் காதிலும் விழுந்தது, அவரும் பாப்பாம் என்றுதானே சொன்னார்?" என்று வெற்றியோடு கேட்டார். ஆம், அப்படியேதான் சொன்னார்.

படத்தைப் பற்றிய முடிவு இது. பழைய எழுத்தின்மேல் அதே வடிவில் புது மை பூசியாயிற்று. அதன் கீழே சிறு எழுத்தில் "திருத்தந்தை ஆறாம் பவுல்" என்றும் எழுதியாயிற்று. சக்கிறீஸ்திலிருந்து எடுத்து, பிள்ளைகள் கண்ணுக்கு எட்டும்படி வாசலருகே மாட்டியிருக்கிறோம். உபதேசியார் விடாமல் அந்தச் சிறுவனை மறுபடி அழைத்து, "இப்போது சொல், பாப்பரசர் எங்கே?" என்று கேட்டார். இம்முறை அவன் சரியான படத்தையே காட்டினான். ஆனால், "இவர் பாப்பா இல்லை, தாத்தா" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். ஜார்ஜியாவில் பிறந்திருந்தால் இரண்டும் ஒன்றே என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.